3.54 சதவீதம் என்றால் என்ன? சதவீத மாற்றமாக வரும் பொருளாதாரக் குறியீடுகளைப் படிக்கும் முறை

2024 ஆகஸ்ட் 12-ஆம் தேதி, ஜூலை மாதத்துக்கான சில்லறைப் பணவீக்கம் (நுகர்வோர் விலைகள் ஏறும் வேகம்) 3.54 சதவீதம் என்று இந்தியாவின் புள்ளியியல் மற்றும் திட்ட அமலாக்க அமைச்சகம் அறிவித்தது. ஜூனில் அது 5.08 சதவீதமாக இருந்தது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு பணவீக்கம் 4 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருந்ததால், செய்திகளின் தலைப்பும் அதுவாகவே இருந்தது. ஆனால் சதவீதத்தோடு நிற்காமல் குறியீட்டு எண்ணையும் பார்த்தவர்களுக்கு வேறொன்றும் தெரிந்திருக்கும். ஜூனில் 190.2 ஆக இருந்த நுகர்வோர் விலைக் குறியீடு, ஜூலையில் 192.9 ஆக ஏறியிருந்தது; அதாவது ஒரே மாதத்தில் விலைகள் ஏறத்தாழ 1.4 சதவீதம் உயர்ந்திருந்தன. பணவீக்கம் குறைந்தது என்பதும் உண்மை, அந்த மாதம் காய்கறி வாங்கப் போனவர் முந்தைய மாதத்தைவிடக் கூடுதலாகச் செலவழித்தார் என்பதும் உண்மை.

இவ்விரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்க முடியும் என்பது புரிந்துவிட்டால், பொருளாதாரச் செய்திகளில் வரும் சதவீதங்களில் பெரும்பகுதி விளங்கிவிடும். அதற்குப் பொருளியல் பட்டம் தேவையில்லை. பள்ளிக் கணக்கும், ஒரு நோட்டும், கைபேசியில் உள்ள கணிப்பானும் போதும். வைப்புத்தொகையைப் புதுப்பிக்கும் ஓய்வூதியரும், வீட்டுக் கடன் வாங்கப் போகும் இளைஞரும், சம்பள உயர்வு பேச உட்காரும் தொழிற்சங்கத்தாரும் இந்த எண்களின் விளைவைத் தம் பையிலிருந்து செலுத்துகிறவர்கள் என்பதால், இவற்றைப் படிக்கும் திறன் அவர்கள் கையில் இருக்க வேண்டும் என்று மனமார நினைக்கிறேன்.

முதல் படி: சதவீதத்துக்குப் பின்னால் இருக்கும் எண்ணைத் தேடுங்கள்

சதவீத மாற்றம் என்பது இரண்டு எண்களிலிருந்து பிறக்கும் மூன்றாவது எண். அந்த இரண்டையும் காணாமல் மூன்றாவதை மட்டும் நம்பக் கூடாது.

நுகர்வோர் விலைக் குறியீட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு சராசரிக் குடும்பம் வாங்கும் அரிசி, பருப்பு, எண்ணெய், துணி, மருந்து, பேருந்துக் கட்டணம், வீட்டு வாடகை போன்றவை அனைத்தையும் ஒரு கூடையில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் குடும்பச் செலவில் உள்ள பங்குக்கு ஏற்ப ஓர் எடை கொடுத்து, அந்தக் கூடையின் மொத்த விலையை மாதந்தோறும் கணக்கிடுகிறார்கள். ஓர் அடிப்படை ஆண்டில் அந்தக் கூடையின் விலையை 100 என்று வைத்துக்கொள்கிறார்கள். இந்தக் கட்டுரையில் நான் எடுத்தாளும் இந்திய நுகர்வோர் விலைக் குறியீட்டு எண்கள் 2012-ஐ 100 எனக் கொண்ட வரிசையைச் சேர்ந்தவை. ஆகவே 2023 ஜூலையில் குறியீடு 186.3 என்றால், 2012-இல் 100 ரூபாய்க்கு வாங்கிய கூடைக்கு அந்த மாதம் 186 ரூபாய் 30 காசு ஆகியிருக்கும் என்று பொருள்.

2022 ஜூலையில் அதே குறியீடு 173.4. புதிய எண்ணிலிருந்து பழைய எண்ணைக் கழித்தால் 12.9 வரும். அதைப் பழைய எண்ணான 173.4-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 7.44. அந்த மாதத்துக்கு அரசு அறிவித்த பணவீக்கமும் இதே 7.44 சதவீதம்தான். இந்தக் கணக்கை ஒருமுறை உங்கள் கையால் போட்டுப் பாருங்கள். அமைச்சகம் சொன்ன எண் தன் கணக்கிலும் அப்படியே வந்து நிற்பதைக் கண்டவருக்கு அதன் பிறகு இந்தத் துறையில் பயம் இருப்பதில்லை.

புதியவர்கள் இங்கே வழக்கமாகச் செய்யும் பிழைகள் இரண்டு. குறியீடு 12.9 ஏறியதைப் பார்த்து, விலை 12.9 சதவீதம் ஏறியதாக எடுத்துக்கொள்வது ஒன்று. அது புள்ளிகளின் ஏற்றம், சதவீதம் அன்று. மடங்கையும் சதவீதத்தையும் குழப்பிக்கொள்வது மற்றொன்று. 2023 ஜூலையில் தக்காளி விலை முந்தைய ஆண்டைவிட 201.5 சதவீதம் உயர்ந்தது என்று வந்தபோது, இரண்டு மடங்காகிவிட்டது என்று பலர் படித்தார்கள். நூறு சதவீத உயர்வு என்றால் இரு மடங்கு. இருநூறு சதவீத உயர்வு என்றால் மும்மடங்கு.

இரண்டாம் படி: எதோடு ஒப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள்

ஒரே குறியீட்டிலிருந்து மூன்று விதமான சதவீதங்களை எடுக்கலாம். இந்த மாதத்தைச் சென்ற ஆண்டின் இதே மாதத்தோடு ஒப்பிடலாம். இந்த மாதத்தைச் சென்ற மாதத்தோடு ஒப்பிடலாம். அல்லது இந்தக் காலாண்டில் ஏற்பட்ட மாற்றம் ஓராண்டு முழுவதும் இதே வேகத்தில் தொடர்ந்தால் எவ்வளவு ஆகும் என்று பெருக்கிச் சொல்லலாம்.

இந்தியாவிலும் இலங்கையிலும் செய்தியில் வரும் பணவீக்கம் பெரும்பாலும் முதல் வகை. அதற்கு நல்ல காரணம் இருக்கிறது. பருவமழைக் காலமான ஜூலையில் காய்கறி விலை ஏறுவதும், குளிர்காலத்தில் வரத்து கூடி இறங்குவதும் ஆண்டுதோறும் நடப்பவை. ஜூலையை ஜூனோடு ஒப்பிட்டால் பருவத்தின் ஏற்ற இறக்கமும் உண்மையான விலை மாற்றமும் கலந்து வரும். ஜூலையை முந்தைய ஜூலையோடு ஒப்பிட்டால் பருவம் பெரும்பாலும் கழிந்துவிடும். ஆனால் இந்த ஒப்பீட்டுக்கு ஒரு குறையும் உண்டு. அது கடந்த பன்னிரண்டு மாதங்களின் கூட்டுக் கதையைச் சொல்கிறதே தவிர, இப்போது காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதைத் தாமதமாகத்தான் சொல்லும்.

மூன்றாவது வகை அமெரிக்காவின் வழக்கம். பழக்கமில்லாதவர்களை அது எவ்வளவு தூரம் வழிதவறச் செய்யும் என்பதற்கு 2020-ஐவிட நல்ல சான்று இல்லை. அந்த ஆண்டு ஏப்ரல்–ஜூன் காலாண்டில் அமெரிக்கப் பொருளாதாரம் 31.4 சதவீதம் சுருங்கியது என்றும், ஜூலை–செப்டம்பரில் 33.1 சதவீதம் வளர்ந்தது என்றும் அறிவிப்புகள் வந்தன. இரண்டாவது எண் அக்டோபர் 29-ஆம் தேதி, அதிபர் தேர்தலுக்குச் சில நாட்களே இருக்கையில் வெளிவந்தது. விழுந்ததைவிட எழுந்தது அதிகம் என்றே அதைப் படித்தவர்களுக்குத் தோன்றியிருக்கும். உண்மையில் அந்தக் காலாண்டுகளில் நேர்ந்த மாற்றம் முறையே 9 சதவீத வீழ்ச்சியும் 7.4 சதவீத ஏற்றமும்தான். அவற்றை நான்கு காலாண்டுகளுக்குத் தொடர்ந்ததாக வைத்துப் பெருக்கியதால் எண்கள் அவ்வளவு பெரிதாயின. நூறு 91 ஆகி, அந்த 91 மீண்டும் 7.4 சதவீதம் ஏறினால் 97.7 தான் வரும். பள்ளத்திலிருந்து முழுமையாக ஏறவில்லை.

அதே ஏப்ரல்–ஜூன் காலாண்டில் இந்தியாவின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 23.9 சதவீதம் சுருங்கியதாக முதல் மதிப்பீடு வந்தது. அமெரிக்காவுக்கு முப்பதுக்கு மேல், நமக்கு இருபத்து நான்கு, ஆகவே நாம் பரவாயில்லை என்ற பேச்சும் உடன் வந்தது. இந்திய எண் சென்ற ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிட்டது. அமெரிக்க எண் ஆண்டு வேகமாகப் பெருக்கியது. இந்திய முறைப்படி பார்த்தால் அமெரிக்காவின் வீழ்ச்சி ஏறத்தாழ 9 சதவீதம்தான். இரு நாடுகளின் சதவீதங்களை அருகருகே வைத்து யாரேனும் வாதிட்டால், இரண்டும் ஒரே முறையில் கணக்கிட்டவையா என்பதே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

மூன்றாம் படி: அடிமட்டத்தைப் பாருங்கள்

இனி, தொடக்கத்தில் கண்ட ஜூலை முடிச்சை அவிழ்க்கலாம். இந்தப் பகுதியில் சற்று நேரம் நிற்க வேண்டும். என் அனுபவத்தில் படிப்பவர்கள் மிகுதியாகத் தடுக்கி விழும் இடம் இதுதான்.

2023 ஜூலையில் தக்காளி விலை தாறுமாறாக ஏறியது பலருக்கு நினைவிருக்கும். சென்னையில் நியாயவிலைக் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்கத் தமிழ்நாடு அரசு ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. அந்த ஒரு மாதத்தில் மட்டும் நுகர்வோர் விலைக் குறியீடு 181.0-இலிருந்து 186.3-க்குத் தாவியது, ஏறத்தாழ 2.9 சதவீதம். ஓராண்டில் நான்கு சதவீதம் ஏறினாலே போதும் என்று ரிசர்வ் வங்கி இலக்கு வைத்திருக்கும் நாட்டில், ஒரே மாதத்தில் ஏற்பட்ட உயர்வு அது.

அடுத்த ஆண்டு ஜூலை வந்தபோது, ஒப்பீட்டுக்கு நின்றது அந்த உயர்ந்த 186.3 தான். 2024 ஜூலையில் விலைகள் 1.4 சதவீதம் ஏறின. ஆனால் சென்ற ஜூலையில் ஏறிய 2.9 சதவீதத்தைவிட அது குறைவு என்பதால், ஆண்டுப் பணவீக்கம் இறங்கியது. வகுக்கும் எண் பெரிதாகிவிட்டதால் விடை சிறிதாகிவிட்டது. இதைத்தான் அடிப்படை விளைவு என்கிறார்கள்.

இதிலிருந்து விடுபட ஒரு சிறிய உத்தி உண்டு. ஓராண்டுக்குப் பதில் இரண்டாண்டு பின்னால் போய்ப் பாருங்கள். 2022 ஜூலையின் 173.4 இரண்டாண்டுகளில் 192.9 ஆகியிருக்கிறது, ஆண்டுக்குச் சராசரியாக 5.5 சதவீதம். 2022 ஜூனின் 172.6 இரண்டாண்டுகளில் 190.2 ஆகியிருக்கிறது, ஆண்டுக்குச் சராசரியாக 5 சதவீதம். ஓராண்டுக் கணக்கில் ஜூனிலிருந்து ஜூலைக்குப் பணவீக்கம் பெரிதாகச் சரிந்தது போலத் தெரிகிறது. இரண்டாண்டுக் கணக்கிலோ அது சற்றே கூடியிருக்கிறது. செய்தியைப் படித்துவிட்டு, நம் வீட்டில் மட்டும் செலவு ஏன் குறையவில்லை என்று குழம்பிய குடும்பங்கள் தவறாக எதையும் உணரவில்லை.

அடிப்படை விளைவின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால், இந்தியாவின் தொழில் உற்பத்திக் குறியீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஏப்ரலில் அது 126.5. நாடு முழுவதும் பொதுமுடக்கத்தில் இருந்த 2020 ஏப்ரலில் 54.0. அதற்கடுத்த 2021 ஏப்ரலில், முதலில் வெளியான மதிப்பீட்டின்படி, 126.6. சதவீதமாகச் சொன்னால் முதல் ஆண்டு 57.3 சதவீத வீழ்ச்சி, அடுத்த ஆண்டு 134.4 சதவீத வளர்ச்சி. இந்த இரண்டு சதவீதங்களை மட்டும் பார்ப்பவர், விழுந்ததைப் போல இரண்டு பங்குக்கு மேல் எழுந்துவிட்டோம் என்று மகிழ்வார். எண்களைப் பார்ப்பவருக்குத் தெரிவது, இரண்டாண்டுகளில் உற்பத்தி 126.5-இலிருந்து 126.6-க்கு வந்திருக்கிறது என்பது மட்டுமே. இருந்த இடத்துக்கே திரும்பி வந்திருக்கிறோம்.

இதன் அடியில் இருக்கும் கணக்கு எளியது. பாதி இழந்தவர் பழைய நிலைக்கு வர, கையில் இருப்பது இரு மடங்காக வேண்டும். வீழ்ச்சியின் சதவீதம் பெரிய எண்ணின் மீதும், மீட்சியின் சதவீதம் சிறிய எண்ணின் மீதும் கணக்கிடப்படுவதால், ஒன்றுக்கொன்று நேராக ஈடாகாது. பெரிய சரிவுக்குப் பின் வரும் பெரிய வளர்ச்சி எண்ணைக் காணும்போதெல்லாம், சரிவுக்கு முந்தைய நிலையைத் தேடிப்பிடித்து அதோடு ஒப்பிடுங்கள்.

நான்காம் படி: வேகம் வேறு, நிலை வேறு

இலங்கையில் வாழ்ந்தவர்களுக்கு இந்தப் பாடத்தை யாரும் நடத்த வேண்டியதில்லை. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி ஆண்டுப் பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுப் பொருள்களுக்கு மட்டும் 94.9 சதவீதம். சரியாக ஓராண்டு கழித்து, 2023 செப்டம்பரில் அது 1.3 சதவீதமாக வந்துவிட்டது. 2024 செப்டம்பரில் பூச்சியத்துக்கும் கீழே, −0.5 சதவீதம்.

எழுபதிலிருந்து ஒன்றுக்கு வந்துவிட்டது என்ற செய்தியைக் கேட்டு, விலைகள் பழையபடி ஆகிவிட்டன என்று வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் எண்ணக்கூடும். கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2021 செப்டம்பரில் 100 ரூபாயாக இருந்த செலவு, அடுத்த செப்டம்பரில் 169 ரூபாய் 80 சதம். அதற்கடுத்த ஆண்டு 1.3 சதவீதம் ஏறி ஏறத்தாழ 172 ரூபாய். அதற்கும் அடுத்த ஆண்டு 0.5 சதவீதம் இறங்கி ஏறத்தாழ 171 ரூபாய். பணவீக்கம் எதிர்மறையாகப் போன அந்த மாதத்திலும், மூன்றாண்டுகளுக்கு முந்தைய சந்தைப் பையை நிரப்ப நூறுக்குப் பதில் நூற்று எழுபத்தொரு ரூபாய் வேண்டியிருந்தது. அந்தப் பை மீண்டும் நூறு ரூபாய்க்கு வர வேண்டுமானால் விலைகள் நாற்பது சதவீதத்துக்கும் மேல் சரிய வேண்டும். அப்படி எதுவும் நடக்கவில்லை.

பணவீக்கம் என்பது விலை ஏறும் வேகம். வண்டியின் வேகம் குறைந்தால் வண்டி பின்னால் வராது, மெதுவாக முன்னேபோகும். வேகம் பூச்சியமானால் நிற்கும், வந்த தூரம் வந்த தூரம்தான். ஆகவே வருமானத்தைப் பற்றிப் பேசும்போது இந்த ஆண்டின் பணவீக்க சதவீதத்தை மட்டும் வைத்துப் பேசுவது உழைப்பவருக்கு அநியாயமாக முடியும். இந்த ஆண்டு விலை ஏறவில்லை, ஆகவே சம்பளம் ஏற வேண்டியதில்லை என்று ஒரு நிர்வாகம் சொன்னால், சம்பளம் கடைசியாக எப்போது உயர்ந்தது, அன்றைய குறியீடு என்ன, இன்றைய குறியீடு என்ன என்று கேட்பதே சரியான பதில்.

ஐந்தாம் படி: எந்தக் கூடை, எவ்வளவு எடை

ஒரே மாதத்தில் ஒரே நாட்டில் இரண்டு பணவீக்கங்கள் எதிரெதிர்த் திசையில் போகலாம். 2023 ஜூலையில் நுகர்வோர் விலைப் பணவீக்கம் 7.44 சதவீதமாக இருந்தபோது, வணிகர்களிடையே மொத்தமாகக் கைமாறும் சரக்குகளின் விலையை அளக்கும் மொத்த விலைப் பணவீக்கம் −1.36 சதவீதமாக அறிவிக்கப்பட்டது. இரண்டும் அரசு எண்களே. மொத்த விலைக் குறியீட்டை வர்த்தகம் மற்றும் தொழில் அமைச்சகத்தில் உள்ள பொருளாதார ஆலோசகர் அலுவலகம் தயாரிக்கிறது. அப்போது அதில் ஆலைகளில் தயாராகும் பொருள்களின் எடை 64 சதவீதத்துக்கும் மேலாக இருந்தது. பள்ளிக் கட்டணம், மருத்துவர் கட்டணம், வாடகை போன்ற சேவைகளுக்கு அதில் இடமே இல்லை. 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட நுகர்வோர் குறியீட்டிலோ உணவுக்கும் பானங்களுக்கும் மட்டும் 45.86 சதவீத எடை இருந்தது. உலகச் சந்தையில் எண்ணெயும் உலோகங்களும் மலிவானால் முதலாவது இறங்கும். காய்கறி விலை ஏறினால் இரண்டாவது எகிறும். உங்கள் வீட்டுச் செலவைப் பற்றியது கேள்வி என்றால் நுகர்வோர் குறியீட்டைப் பாருங்கள். சிறிய பட்டறை நடத்தி மூலப்பொருள் வாங்குகிறவர் மொத்த விலைக் குறியீட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மத்திய அரசு ஊழியர்களின் அகவிலைப்படியோ இவ்விரண்டையும் சாராமல், தொழில்துறைத் தொழிலாளர்களுக்கெனத் தொழிலாளர் பணியகம் வெளியிடும் தனிக் குறியீட்டின் பன்னிரண்டு மாதச் சராசரியை வைத்துக் கணக்கிடப்படுகிறது.

எடை தெரிந்தால், மொத்த எண்ணை எது தூக்கியது என்பதையும் தோராயமாகக் கண்டுபிடித்துவிடலாம். 2023 ஜூலையில் காய்கறிகளின் விலை ஆண்டுக் கணக்கில் 37.34 சதவீதம் உயர்ந்திருந்தது. குறியீட்டில் அவற்றின் எடை 6.04 சதவீதம். இரண்டையும் பெருக்கி நூறால் வகுத்தால் ஏறத்தாழ 2.25 வரும். அதாவது அந்த மாதத்தின் 7.44 சதவீதப் பணவீக்கத்தில் இரண்டே கால் புள்ளியைக் காய்கறி மட்டுமே கொண்டுவந்திருக்கிறது. உணவையும் எரிபொருளையும் விலக்கிக் கணக்கிடும் மையப் பணவீக்கம் அப்போது 5 சதவீதத்துக்குச் சற்றுக் கீழேதான் இருந்தது. ரிசர்வ் வங்கியின் உச்சவரம்பான 6 சதவீதத்தைப் பணவீக்கம் தாண்டியும், வங்கி ரெப்போ வட்டியை (மற்ற வங்கிகளுக்குத் தான் தரும் குறுகிய காலக் கடனுக்கான வட்டியை) உயர்த்தாமல் 6.50 சதவீதத்திலேயே வைத்திருந்ததற்குக் காரணம் இங்கே இருக்கிறது. வட்டியை ஏற்றுவதால் தக்காளிச் செடி கூடுதலாகக் காய்க்காது. அக்டோபரில் பணவீக்கம் 4.87 சதவீதத்துக்குத் திரும்பிவிட்டது.

ஆயினும், மையப் பணவீக்கம்தான் உண்மையானது, உணவு விலை வெறும் சலசலப்பு என்று சிலர் பேசுவதை நான் ஏற்பதில்லை. வருமானத்தில் பாதியைச் சோற்றுக்கும் குழம்புக்கும் செலவிடும் குடும்பத்துக்கு அதுதான் முழுப் பணவீக்கம். வட்டியைத் தீர்மானிக்க உதவும் எண் ஒன்று, வாழ்க்கைச் செலவைச் சொல்லும் எண் வேறொன்று. ஒவ்வொன்றையும் அதற்குரிய கேள்விக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும்.

சதவீதமும் சதவீதப் புள்ளியும்

வட்டி விகிதம், பணவீக்கம், வேலையின்மை போன்றவை தாமே சதவீதங்கள் என்பதால், அவற்றின் மாற்றத்தைச் சொல்லும்போது கவனம் வேண்டும். 2022 மே மாதம் 4 சதவீதமாக இருந்த ரெப்போ வட்டியை ரிசர்வ் வங்கி உயர்த்தத் தொடங்கி, 2023 பிப்ரவரிக்குள் 6.50 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. இது 2.5 சதவீதப் புள்ளி உயர்வு. விகிதமாகச் சொன்னால் 62.5 சதவீத உயர்வு. இரண்டும் சரியே, ஆனால் 2.5 சதவீதம் உயர்ந்தது என்று எழுதினால் அது பிழை. கடன் வாங்கியவருக்கு இந்த இரண்டுமே நேரடியாக உதவாது, அவருக்கு வேண்டியது மாதத் தவணை. இருபது ஆண்டுக் கடனுக்கு வட்டி 7-இலிருந்து 9.5 சதவீதம் ஆனால், ஒரு லட்சத்துக்கான மாதத் தவணை ஏறத்தாழ 775 ரூபாயிலிருந்து 932 ரூபாயாகும். அதாவது 20 சதவீத உயர்வு. தவணையைக் கூட்டாமல் கடன் காலத்தை நீட்டும் வங்கிகளும் உண்டு என்பதால், உங்கள் கணக்கில் எது நடந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆறாம் படி: விலையேற்றத்தைக் கழித்த பிறகு என்ன மிஞ்சுகிறது

பணத்தில் அளக்கும் எந்த வளர்ச்சியிலும் பண்டத்தின் பெருக்கமும் விலையின் பெருக்கமும் சேர்ந்தே இருக்கும். ஆகவே மொத்த உள்நாட்டு உற்பத்தியை நடப்பு விலையிலும், ஓர் அடிப்படை ஆண்டின் நிலையான விலையிலும் தனித்தனியே வெளியிடுகிறார்கள். பொருளாதாரம் இத்தனை சதவீதம் வளர்ந்தது என்று செய்தியில் வருவது வழக்கமாக நிலையான விலைக் கணக்கு. வரி வருவாய், கடன் சுமை, நிறுவனங்களின் விற்பனை ஆகியவை நடப்பு விலையோடு சேர்ந்து நகர்பவை. ஒன்றை மற்றொன்றோடு கலந்து ஒப்பிடக் கூடாது.

இதையே உங்கள் வைப்புத்தொகைக்கும் செய்து பார்க்கலாம். 2022 ஏப்ரலில் இந்தியாவின் பணவீக்கம் 7.79 சதவீதம். அதற்கு ஓராண்டு முன்பு 5.5 சதவீத வட்டிக்கு ஒரு லட்சம் ரூபாயைப் போட்ட ஒருவர், 1,05,500 ரூபாய் கையில் வாங்கியிருப்பார். ஆனால் ஓராண்டுக்கு முன் ஒரு லட்சத்துக்கு வாங்கியதை அன்று வாங்க 1,07,790 ரூபாய் தேவை. 1.055-ஐ 1.0779-ஆல் வகுத்தால் 0.979 வருகிறது. வாங்கும் சக்தியில் ஏறத்தாழ 2.1 சதவீதம் கரைந்திருக்கிறது. வட்டிக்கு வரி கட்டுபவராக இருந்தால் இழப்பு இன்னும் கூடும்.

ஏழாம் படி: எண்கள் திருத்தப்படும், கூடையும் மாறும்

முதலில் வரும் எண் முடிவான எண் என்று கொள்ளாதீர்கள். 2020 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் இந்தியப் பொருளாதாரம் சுருங்கிய அளவு முதலில் 23.9 சதவீதம் என்றும், பின்னர் 24.4 சதவீதம் என்றும் வந்தது. முழுத் தரவு வந்துசேரும்போது திருத்துவது நேர்மையான புள்ளியியலின் கடமை. அதைக் குளறுபடியாகப் பார்க்க வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு அதே காலாண்டில் 20.1 சதவீத வளர்ச்சி என்று அறிவிப்பு வந்தபோது, அந்தக் காலாண்டின் உற்பத்தி ரூபாய்க் கணக்கிலும் உடன் தரப்பட்டது: 2019-இல் 35.66 லட்சம் கோடி, 2020-இல் 26.95 லட்சம் கோடி, 2021-இல் 32.38 லட்சம் கோடி. இருபது சதவீத வளர்ச்சிக்குப் பிறகும் இரண்டாண்டுக்கு முந்தைய அளவைவிட 9 சதவீதம் கீழேதான் இருந்தோம்.

அடிப்படை ஆண்டை மாற்றும்போது கூடையும் எடைகளும் மாறுவதால், ஒரே மாதத்துக்கு இரண்டு விடைகள் வரலாம். 2023 ஜனவரியில் கொழும்புப் பணவீக்கம் 2013-ஐ அடிப்படையாகக் கொண்ட சுட்டெண்ணின்படி 54.2 சதவீதம், 2021-ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய சுட்டெண்ணின்படி 51.7 சதவீதம். நான்காம் படியில் நான் போட்ட கணக்கிலும் பழைய வரிசையின் 69.8-உம் புதிய வரிசையின் 1.3-உம் சேர்ந்திருப்பதால் அதைத் தோராயமாகவே கொள்ள வேண்டும். ஒரு வரிசையின் குறியீட்டை மற்றொரு வரிசையின் குறியீட்டால் நேரடியாக வகுப்பது மட்டும் ஒருபோதும் கூடாது. இணைப்புக்கென்று தரப்படும் பெருக்கு எண்ணைப் பயன்படுத்தித்தான் செய்ய வேண்டும்.

நோட்டைத் தொடங்குங்கள்

ஒரு பக்கத்தில் மாதம், குறியீட்டு எண், முந்தைய மாதத்தைவிட மாற்றம், முந்தைய ஆண்டைவிட மாற்றம் என நான்கு கட்டங்கள் வரைந்து, கடந்த இரண்டாண்டுக் குறியீடுகளை எழுதிக்கொள்ளுங்கள். இந்தியாவில் ஒவ்வொரு மாதமும் 12-ஆம் தேதியை ஒட்டி வரும் அறிக்கையிலிருந்து ஓர் எண்ணைச் சேர்த்தால் போதும். இலங்கையில் தொகைமதிப்பு மற்றும் புள்ளிவிபரத் திணைக்களம் கொழும்புச் சுட்டெண்ணை மாத இறுதியில் வெளியிடுகிறது. சில மாதங்களுக்குப் பிறகு, அறிவிப்பு வருவதற்கு முன்பே அது எந்தப் பக்கம் போகும் என்று உங்களால் ஓரளவு சொல்ல முடியும். சென்ற ஆண்டின் இதே மாதத்தில் குறியீடு எவ்வளவு நகர்ந்தது என்பது உங்கள் நோட்டில் இருக்கிறது. இந்த மாதம் அதைவிடக் குறைவாக நகர்ந்தால் பணவீக்கம் இறங்கும், கூடுதலாக நகர்ந்தால் ஏறும்.

2024-இன் மீதியை அப்படிப் படித்துப் பாருங்கள். 2023 ஆகஸ்டில் குறியீடு 186.2, தக்காளி விலை இறங்கியதும் செப்டம்பரில் 184.1-க்கு வந்துவிட்டது. ஆகவே 2024 செப்டம்பரில் விலைகள் அசையாமல் நின்றால்கூடப் பணவீக்கம் ஏறியே தீரும் என்பது ஆகஸ்டிலேயே தெரிந்த செய்தி. நடந்ததும் அதுதான். ஆகஸ்டில் 193.0 ஆக இருந்த குறியீடு செப்டம்பரில் 194.2 ஆனது, மாத உயர்வு வெறும் 0.6 சதவீதம், ஜூலையில் ஏறியதில் பாதிக்கும் குறைவு. ஆனால் ஆண்டுப் பணவீக்கம் 3.65 சதவீதத்திலிருந்து 5.49 சதவீதத்துக்குத் தாவியது.